ராஸ் தீவு

அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எதிரே உள்ள சிறு தீவு. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கடல் அளவையாளர் டேனியல் ராஸின் பெயரைத் தாங்கியிருந்தது. 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டது.

1858இல் பிரிட்டிஷார் அந்தமானில் கைதிக் குடியிருப்பை அமைத்தபோது, அதன் தலைமையிடமாக இத்தீவைத் தேர்ந்தனர். காட்டை வெட்டிக் கட்டடங்களை எழுப்பியவர்கள் நாடு கடத்தப்பட்ட கைதிகளே. தலைமை ஆணையர் மாளிகை, பிரெஸ்பிடீரியன் தேவாலயம், ரொட்டிக்கூடம், அச்சகம், நடன அரங்கு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என இந்தச் சின்ன நிலத்தில் அதிகாரிகளின் சொகுசுக்குக் குறைவில்லை.

1941 ஜூன் 26 நிலநடுக்கம் கட்டடங்களைச் சிதைத்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தனர். அவர்களின் பதுங்கு குழிகளை இன்றும் காணலாம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் குடியிருப்பு மீளவில்லை. 1979இல் தீவு கடற்படையின் பொறுப்புக்கு வந்தது.

இன்று கூரையற்ற சுவர்களை அத்தி இன மரங்களின் வேர்கள்தாம் இறுகப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் அவசரமின்றிப் பார்க்க வேண்டியவை. புள்ளிமான்களும் மயில்களும் ஆளைக் கண்டு மிரளுவதில்லை. போர்ட் பிளேர் படகுத்துறையிலிருந்து கால்மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம், தங்க இடமில்லை.