இராவணா-1: மறந்துபோன ஒரு செய்தி

2019 ஏப்ரல் 17ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து புறப்பட்ட ஏவூர்தியொன்று, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான பொருட்களுடன் இலங்கையின் முதலாவது நுண்செய்மதியையும் சுமந்து சென்றது. நான்கு நாட்களில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அதன்பின் அச்செய்தியை யார் நினைத்தார்கள்?

யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே ஆகிய இரு இளம் பொறியியலாளர்கள் உருவாக்கிய இராவணா-1, ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய எடையுடையது. யூன் 17ஆம் திகதி, நேபாளத்தின் முதற் செய்மதியுடன் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. 2021இல் வளிமண்டலத்துள் எரிந்து மறைந்தது.

ஆய்வுகூடமும் ஏவூர்தியும் அயலாருடையவையே. ஆயினும் அதனைச் செய்யக் கற்ற கைகள் எம் நாட்டவருடையவை. அவர்கள் கற்றது எரிந்துவிடவில்லை. துயரச் செய்திகளையே எழுதிப் பழகிய நான், இதனையும் குறித்து வைக்கிறேன்.