இடைச்செருகலும் மூலமும்: ஒரு பழைய பவர் சப்ளையை வாசித்தல்

பழைய ஏடுகளைப் பதிப்பிப்போர் இடைச்செருகல் என்னும் சொல்லைப் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே கையாள்வர். பின்வந்த கை சேர்த்ததை நீக்கிவிட்டால் மூலம் கிட்டிவிடும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் நாங்களும் ஒரு பழைய பவர் சப்ளையைத் திறந்தோம். நேர்த்திசை மின்சாரத்தை வேண்டிய வோல்ட் அளவில் திருகிப் பெறும் மேசைக் கருவி அது. அதற்குரிய மின்சுற்று வரைபடம் எங்களுக்குக் கிட்டவில்லை. இடையில் யாரோ அதில் கைவைத்திருந்தார் என்பது மட்டும் பார்த்தவுடன் தெரிந்தது.

கல்வெட்டில் ஆட்சியாண்டு போல, மின்னணு உறுப்புகள் பலவற்றில் நான்கிலக்க எண் ஒன்று உண்டு. முதலிரண்டு இலக்கங்கள் ஆண்டு, பின்னிரண்டும் வாரம். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் 723 சில்லில் 7120 என்றிருந்தது: 1971ஆம் ஆண்டின் 20ஆம் வாரம். ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டு 1967இல் வெளிவந்த சில்லு அது. மின்சுமை முழுவதையும் தாங்கும் 2என்3055 டிரான்சிஸ்டரிலோ 7932. ஆகவே அது பிற்காலத்தது. ஆயினும் இவ்வெண் உறுப்பு பிறந்த வாரத்தைத்தான் சொல்லும். பொருத்திய நாளைச் சொல்லாது. இழுப்பறையில் பத்தாண்டு கிடந்த பின்னும் அது ஏறியிருக்கலாம். 'இதற்கு முன்பு அன்று' என்பதற்கு மேல் அதனிடம் சான்று கேட்கலாகாது.

அடுத்த சான்று சால்டர். ஆலையில் வைத்த பற்றுகள் ஒரே அளவில் இருந்தன. மூன்று இடங்களில் மட்டும் சால்டர் திரண்டு, சுற்றிலும் பழுப்புப் பிசின் துடைக்கப்படாமல் உறைந்திருந்தது: டிரான்சிஸ்டரின் கம்பிகள், அதனருகே தொங்கிய சிறு மின்தேக்கி, வேறொரு மின்தடையின் முதுகில் ஏற்றிய இன்னொரு மின்தடை.

மின்தேக்கியை முதலில் கழற்றினோம். மீட்டர் 12 வோல்ட்டை அசையாமல் காட்டியது. மூலத்தை மீட்டுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். ஆசிலோஸ்கோப்பை இணைத்தபோதுதான் அந்த 12 வோல்ட்டின் மேல் வேகமான அலைவு ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

காரணம் டிரான்சிஸ்டரின் வரலாற்றில் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொணர்ந்த 2என்3055 மந்தமானது. அதன் அதிர்வெண் எல்லைக்குக் குறைந்தபட்ச உறுதி 0.8 மெகாஹெர்ட்ஸ். 1970களில் எபிடாக்சியல் முறையில் செய்யப்பட்டவற்றுக்கு அது 2.5 மெகாஹெர்ட்ஸ். பெயர் மாறவில்லை; குணம் மாறிவிட்டது. மந்தமான உறுப்பை நம்பி வகுத்த சுற்றில் வேகமானதை வைத்தால் அது தானே அலைவுறக்கூடும். அதை அடக்கவே அந்த மின்தேக்கி. மன்னிப்புக் கேட்பது போல் அதை மீண்டும் பற்றவைத்தோம்.

முதுகில் ஏறிய மின்தடையின் கதை வேறு. 723 சில்லு, தன் உணர்மின்தடையில் ஏறத்தாழ 0.65 வோல்ட் விழுந்ததும் மின்னோட்டத்தைத் தடுக்கும். 0.68 ஓம் என்றால் எல்லை ஏறக்குறைய 1 ஆம்பியர். இணையாக இன்னொரு 0.68 ஓம் சேர்ந்ததும் 2 ஆம்பியர். உள்ளே 40 வோல்ட் இருக்க வெளியே 5 வோல்ட் எடுத்தால், எஞ்சிய 35 வோல்ட்டும் டிரான்சிஸ்டரின் தலையில்தான் விழும். 35 வாட் வெப்பத்துக்கு அமைத்த தகட்டில் 70 வாட்.

இப்போது வரிசையை ஊகித்தோம். யாரோ கூடுதல் மின்னோட்டம் வேண்டி மின்தடையைச் சேர்த்தார், டிரான்சிஸ்டர் எரிந்தது, புதியதை வைத்தார், அலைவு வந்தது, மின்தேக்கியால் அதை அடக்கினார். பேராசைக்காரரும் கவனமுள்ளவரும் ஒருவரேயா, இருவரா என்பதற்குச் சான்றில்லை.

மின்தேக்கியை விட்டுவைத்தோம், கூடுதல் மின்தடையை நீக்கினோம். எதை, ஏன், எந்த நாளில் செய்தோம் என்று ஒரு தாளில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டிய பிறகே திருகாணிகளை முடுக்கினோம்.