கெமர் மொழியில் கணினி மென்பொருள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு மொழி கல்வியிலும் ஆட்சியிலும் நிலைபெற வேண்டுமாயின், அவ்வக்காலத்து எழுதுகருவி அதற்கு இடமளித்தல் வேண்டும். ஓலைக்கும் அச்சிற்கும் பொருந்திய இக்கருத்து கணினிக்கும் பொருந்துவதாகும். கம்போடியாவின் ஆட்சிமொழியாகிய கெமர் கணினியில் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்தமைப்பு

கெமர் ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. எனினும் அதன் எழுத்து பல்லவர் எழுத்தினின்றும் கிளைத்ததாகும். காலம் குறிக்கப்பெற்ற கெமர்க் கல்வெட்டுகளுள் மிகப் பழையது கி.பி. 611ஆம் ஆண்டைச் சார்ந்த அங்கோர் போரெய் கல்வெட்டாகும். தமிழில் ‘கெ’ என்பதிற் போலச் சில உயிர்க்குறிகள் மெய்க்கு இடப்புறம் எழுதப்பெற்று, மெய்க்குப் பின்னர் ஒலிக்கின்றன. இரு மெய்கள் இணையுமிடத்து இரண்டாவது மெய் முதல் மெய்யின் கீழே வேறு வடிவில் எழுதப்பெறும். அக்கீழ்வடிவைக் ‘கால்’ எனப் பொருள்படும் சொல்லாலேயே கெமர் மக்கள் குறிப்பர். சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமும் இல்லை.

குறியேற்றச் சிக்கல்

1975 முதல் 1979 வரை நிகழ்ந்த கெமர் ரூச் ஆட்சியில் கற்றோர் பெருந்தொகையினர் அழிந்தனர். எனவே கணினி பரவிய காலத்தில் மொழிப்பணிக்குரிய அறிஞர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது கெமர் வடிவங்களை ஏற்றிய ‘லிமோன்’ போன்ற எழுத்துருக்கள் வழங்கின. அவற்றால் அச்சிட இயன்றதேயன்றி, அகரவரிசைப்படுத்தவோ தேடவோ முறையாக இயலவில்லை. பல்வேறு குறியேற்றங்களால் இடர்ப்பட்ட தமிழுலகிற்கு இந்நிலை புதிதன்று.

1999இல் வெளிவந்த ஒருங்குறி 3.0 பதிப்பில் கெமர் இடம்பெற்றது. கீழ்வடிவங்களுக்குத் தனித்தனி எண் வழங்காது, கண்ணுக்குப் புலனாகாத ஓர் இணைப்புக்குறியை மெய்க்கு முன்னே இடும் முறை மேற்கொள்ளப்பெற்றது. தம் நாட்டு வல்லுநர் உரியவாறு கலந்தாலோசிக்கப்பெறவில்லை என்று கம்போடியத் தரப்பினர் மறுப்புத் தெரிவித்தனர். ஏற்றிய எழுத்தை நீக்குதல் இல்லை என்னும் நிலைபேற்று விதியால் அம்முறை மாறவில்லை. சில குறிகள் மட்டும் பயன்படுத்தத்தகாதன என அறிவிக்கப்பெற்றன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு ‘டேஸ் 16’ குறியேற்றத்தையும் ஏற்றமை இத்தகைய மனக்குறையின் மற்றொரு வெளிப்பாடாகக் கொள்ளத்தக்கது.

மென்பொருள் மொழியாக்கம்

குறையுடையதாயினும் பொதுவான அக்குறியேற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு 2004இல் ‘கெமர் ஓ.எஸ்.’ திட்டம் தொடங்கிற்று. ஹாவியர் சோலா இதனை முன்னின்று நடத்தினார். டான் ஹொங் எழுத்துருக்களை வடிவமைத்தார். கணினி கற்பதற்கு ஆங்கிலம் தடையாதல் கூடாது என்பதே இதன் நோக்கம். வணிக நிறுவனத்தின் இசைவை எதிர்நோக்காது திருத்தவும் பரப்பவும் உரிமை தருவதால் கட்டற்ற மென்பொருள்களே தெரிந்தெடுக்கப்பெற்றன. கெமர் எழுத்தை விண்டோஸ் விஸ்டா தாங்கி வந்தது 2007இலேயாம்.

மொழியாக்கம்பெற்ற உலாவிக்கு ‘மேகலா’ என்றும், மின்னஞ்சல் மென்பொருளுக்கு மயிலைக் குறிக்கும் ‘மயூரா’ என்றும் பெயரிட்டனர். மேகலா, கெமர் நடனமரபில் ஒளிமணி ஏந்திவரும் கடல்தெய்வம். தமிழ்க் காப்பியத் தலைவி மணிமேகலை பெயர்பெற்றதும் அக்கடல்தெய்வத்தாலேயாம்.

கலைச்சொல்லாக்கத்தில் இருவழிகள் இருந்தன. அகராதி கண்ட சுவோன் நாத் தேரர் பாலி, வடமொழி வேர்களினின்று புதுச்சொல் படைத்தவர். ஆயினும் ‘கம்ப்யூட்டர்’ என்னும் கடன்சொல்லே கெமரில் நிலைத்தது. பயில்வோர் நாவே இறுதி நடுவராயிற்று.

முடிவுரை

கெமர் பெற்ற இடம், நிறைவான குறியேற்றத்திற்காகக் காத்திருந்து பெற்றதன்று. தம்மைக் கேளாது அமைந்த முறையையும் ஏற்றுக்கொண்டு, அதன்மேல் எழுத்துரு, விசைப்பலகை, மொழியாக்கம் ஆகியவற்றை அடுக்கியதன் பயனாகும். கலந்தாலோசனை முன்னரே நிகழ்ந்திருப்பின் இம்முயற்சியின் சுமை குறைந்திருக்கும். சிறுபான்மை எழுத்துகளைக் கணினிக்குக் கொணர்வோர் கருதத்தக்க படிப்பினை இதுவாகும்.