ஷிஃப்ட் பட்டன் என்ன கலர்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச மேட்டர். போன் கீபோர்டுக்கு என்ன கலர் தீம் வைக்கறதுங்கறதுல என்னய்யா வரலாறு இருக்குன்னு நீங்க கேக்கலாம். எங்கப்பாவோட பென்ஷன் கணக்கு லாக் ஆகற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். அந்தக் கதை கடைசியில. இப்போதைக்குக் கொசுவத்தி சுத்திக்கறேன் :-)

1874-ல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ் - கிளிடன் தட்டச்சுப்பொறியில ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்க முடியும். சின்ன எழுத்தும் சேர்ந்தது 1878-ல், ரெமிங்டன் 2-ல். ஷிஃப்ட் விசை பிறந்ததும் அதுலதான். அதை அமுக்கினா காகிதம் சுத்தியிருக்கற உருளை நிஜமாவே கொஞ்சம் இடம் மாறும். ஒவ்வொரு அச்சுக்கம்பியிலும் ரெண்டு எழுத்து இருக்கும், அதுல எது காகிதத்துல விழணும்னு அந்த நகர்வு முடிவு பண்ணும். பேருக்குக் காரணமும் அதுதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவங்களைக் கேட்டுப் பாருங்க. ஷிஃப்ட் லாக் 'டக்'குன்னு உட்காரும், சுண்டு விரலுக்கே தெரிஞ்சுடும். அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை.

கணினி வந்தப்பதான் நிறத்துக்கு வேலை வந்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி-யோட கீபோர்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. எழுத்து விசைகள் வெளுப்பு; ஷிஃப்ட், கண்ட்ரோல் மாதிரி விசைகள் சாம்பல். 'இது எழுத்து, இது வேலை'ன்னு பிரிச்சுக் காட்ட ரெண்டே நிறம். பெட்டியெல்லாம் வெளிர் நிறமா இருந்ததுக்கு ஜெர்மனியும் ஒரு காரணம். வெள்ளைக் காகிதத்துக்கும் கறுப்புக் கருவிக்கும் மாறி மாறிப் பார்த்தா கண் சோர்ந்துபோகும்னு, ஆபீஸ் கருவிகள் வெளிர் நிறத்துல இருக்கணும்னு அங்கே விதி போட்டாங்க. 1992-ல் கன்னங்கரேல்னு திங்க்பேட் வந்ததைப் புரட்சின்னு கொண்டாடினது அதனாலதான்.

திரையில தெரியற கீபோர்டும் கிட்டத்தட்ட அதே வயசுதான். 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினி வேற மொழி விசைகளைத் திரையில வரைஞ்சு காட்டினது. விண்டோஸ் 2000-லயும் திரை விசைப்பலகை ஒண்ணு இருந்தது, கையால தட்ட முடியாதவங்களுக்காக. மத்தவங்க யாரும் அதைச் சீண்டலை.

2007-ல் ஐபோன் வந்ததும் எல்லாருக்கும் விசை கண்ணாடிக்கு அடியில போயிடுச்சு. தடவிப் பார்த்தா மேடு பள்ளம் கிடையாது. ஷிஃப்ட் போட்டிருக்கா இல்லையான்னு விரலுக்குத் தெரிய வழியே இல்லை. டைப்ரைட்டர்ல உருளை செஞ்ச வேலை மொத்தமும் நிறத்தோட தலையில வந்து விழுந்தது. ஆரம்பத்துல சமாளிச்சாங்க. ஷிஃப்ட் லாக் ஆனா விசையே நீலமாயிடும், குழப்பமில்லை.

2013-ல் ஐஓஎஸ் 7 வந்து எல்லாத்தையும் தட்டையாக்கி, அந்த நீலத்தையும் எடுத்துடுச்சு. அடுத்த மார்ச்சில வந்த 7.1-ல் ஷிஃப்ட் விசையைத் திரும்ப மாத்தினாங்க. சும்மா இருந்தா சாம்பல் விசை, போட்டா வெள்ளை விசை. கேக்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா? ஆனா பக்கத்துல இருக்கற எழுத்து விசைகளும் வெள்ளை. அப்போ வெள்ளைன்னா 'போட்டாச்சு'ன்னு அர்த்தமா, 'எப்பவும் போல'ன்னு அர்த்தமா? சாம்பல்னா 'அமுங்கியிருக்கு'ன்னு எடுத்துக்கலாமே? உலகம் பூரா ஜனங்க புலம்பித் தள்ளினாங்க. பாவம், ஐபிஎம் காலத்து ரெண்டு நிறம் விசையோட ஜாதியைச் சொல்லிட்டு இருந்தது. இவங்க அதே ரெண்டு நிறத்தை வச்சு நிலைமையையும் சொல்லப் பார்த்தாங்க. ஒரே வாய் எப்படி ரெண்டு பேச்சு பேசும்?

2015-ல் ஐஓஎஸ் 9-ல் தீர்வு வந்தது, நிறத்துல இல்லை. விசை மேல இருக்கற எழுத்தே சின்னதா பெருசா மாறிக் காட்டும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டுல இது முன்னாடியே இருந்ததுங்கறது தனி வயித்தெரிச்சல். நம்ம தமிழுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால தப்பிச்சோம்.

சரி, அப்பா கதை. இதுக்கு நடுவுல தீம் மோகம் கிளம்பி, மலை, கடல், பூனைக்குட்டின்னு எதை வேணா கீபோர்டுக்குப் பின்னாடி ஒட்டலாம்னு ஆச்சு. நானும் ஆசையா அவர் போன்ல சாயங்கால வானம் படம் ஒண்ணு வச்சுக் கொடுத்தேன். விசைகளுக்கு ஓரக்கோடு கூட இல்லை, ஊதாவுல இளநீல எழுத்து. ஷிஃப்ட் போட்டா அம்புக்குறி கொஞ்சம் அடர்த்தியாகும், அவ்வளவே. அவருக்கு அப்போ ரெண்டு கண்ணுலயும் புரை. புரை விழுந்தா கண்ணோட லென்ஸ் மஞ்சள் பூத்துப் போகும், முதல்ல அடிபடறது நீலமும் ஊதாவும்தான். இதெல்லாம் எனக்கு அப்புறமா கண் டாக்டர் சொல்லித்தான் தெரியும். பாஸ்வேர்டோ வெறும் புள்ளியாத்தான் தெரியும். மூணு தடவை தப்பா அடிச்சார், கணக்கு லாக். என்கிட்ட சொல்லாம வெயில்ல போய் வரிசையில நின்னுட்டு வந்தார். தனக்கு வயசாயிடுச்சு, பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு நினைச்சுட்டார் மனுஷன். தப்பு பூரா என்னோடது.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து மாத்தினோம். வெள்ளையில கறுப்பு எழுத்து வச்சேன். கோடு போட்ட மாதிரி தெளிவாத்தான் இருந்தது, ஆனா 'கண்ணு கூசுதுடா'ன்னார். புரை இருந்தா வெளிச்சம் சிதறும், நிறைய பேருக்கு அப்படித்தானாம். கடைசியில கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஒவ்வொரு விசைக்கும் ஓரம். விசை உயரத்தையும் கூட்டி வச்சோம். பார்க்க அழகா இல்லை. அவர் தப்பில்லாம அடிச்சார்.

போன வருஷம் ரெண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆச்சு. கட்டுப் பிரிச்ச கொஞ்ச நாள்ல பழைய கீபோர்டு படத்தைக் காட்டச் சொன்னார். உத்துப் பார்த்துட்டுக் கேட்டார்: "இது ஊதாவாடா? நான் சாம்பல்னு இல்ல நினைச்சேன்!"