அலை அளந்த வரலாறு

யாழாசிரியன் நரம்பு கூட்டிய பின்னரே இசைக்கத் தொடங்குவான். யாழ் இசைக்கும் தொழிலை எட்டாக வகுத்துரைக்கும் சிலப்பதிகாரக் கானல்வரி, ‘பண்ணல்’ என்பதை முதலில் வைத்தது. நிலை சற்று வேறுபட்ட இரு நரம்புகளை ஒருங்கே மீட்டினால், ஒலி எழுந்தும் தாழ்ந்தும் அலைவது கேட்கும். நிலை நெருங்க நெருங்க அவ்வலைவு மெதுவாகி, முடிவில் அடங்கும். இதனை இயற்பியல் நூலார் விம்மல் என்பர். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் அருகில் அமர்ந்திருந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இதே விம்மலை நான் அண்மையில் போர்டிக்சனில், தோட்டப்புறத்து நண்பர் ஒருவரின் வீட்டில் கேட்டேன். அங்கே நரம்புக் கருவி எதுவும் இல்லை. மேசைமேல் ஹாம் வானொலிக் கருவி ஒன்றும் கணிப்பொறி ஒன்றும் இருந்தன. அவர் காதில் ஒலிவாங்கிக் கேட்டுக்கொண்டே, விரலால் ஒரு குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அனுப்பவும் பெறவும் வல்ல அக்கருவி, தான் நிற்பதாகச் சொல்லும் அதிர்வெண்ணில் உண்மையாகவே நிற்கிறதா என்று அவர் சோதித்தார். இதற்கு இக்காலத்தார் ‘அளவுத்திருத்தம்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். சொல் தவறில்லை, ஆயினும் பிழை நேர்ந்த பின் செய்யும் வேலை போல் அது ஒலிக்கிறது. முன்னோர் செய்த பண்ணலோ பிழை நேருமுன் செய்வது.

ஹாம் வானொலியாளருக்கு இந்தக் கவலை எங்ஙனம் வந்தது? 1912-இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று, அவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கியது. நெடுந்தொலைவுக்குப் பயன்படா என்று அந்நாளில் கருதப்பட்ட அலைகள் அவை. கழித்துக் கொடுத்த நிலத்தில் பொன் விளைந்தது போல, 1923 நவம்பரில் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் பிரான்சும் அமெரிக்காவும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பேசியவர் இரு புறத்தும் ஹாம் வானொலியாளரே. சிற்றலையின் அருமை புலப்பட்டதும் அரசுகளும் நிறுவனங்களும் அங்கே வந்து குவிந்தன. 1927-இல் வாஷிங்டனில் கூடிய உலக மாநாடு, ஹாம் வானொலியாளர்க்கு 160, 80, 40, 20, 10 மீட்டர் என்றாற்போல் வரப்பிட்ட துண்டுகளை அளித்தது. வரப்பு வந்தபின், நான் என் வயலுக்குள் நிற்கிறேன் என்று காட்டும் பொறுப்பும் வந்தது. அளக்கத் தெரியாதவன் அயலான் வயலில் கால் வைத்தவனாவான்.

தமிழுலகில் இக்கலை வேரூன்றியதும் இதே காலத்தில்தான். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார்; அவ்வாண்டு ஜூலை 31-இல் 40 வாட் கருவியொன்றால் ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1927-இல் பொருள் முடையால் கழகம் நின்றது. ஆர்வலர் தொடங்கியதை 1930-இல் சென்னை மாநகராட்சி ஏற்று நடத்தியது. மலாயாவில் 1921-ஆம் ஆண்டு, ஜொகூர் மின்துறையைச் சேர்ந்த பர்ச் என்பார் வானொலிக் கருவியைக் கொணர்ந்து, ஆர்வலர் சங்கம் ஒன்றும் கண்டார். 1934-இல் பினாங்கு வானொலிச் சங்கம் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழிலும் ஒலிபரப்பியது. அரசு நிலையம் எழுமுன்னரே இந்நாட்டு வானில் தமிழ் ஒலித்தது ஆர்வலர் கையால் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வார் இலர்.

அளவின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1942 ஆகஸ்ட்டில், பம்பாயில் உஷா மேத்தா என்னும் 22 வயது நங்கையும் தோழர்களும் மறைவிலிருந்து காங்கிரஸ் வானொலியை நடத்தினர். நிலையம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் அறிவிக்கப்பட்டது அலைநீளம் ஒன்றே: 42.34 மீட்டர். கேட்பவர்க்கு இருந்த முகவரி அதுதான். நவம்பரில் காவலர் பிடிக்கும் வரை அம்முகவரியில் குரல் ஒலித்தது. அந்நாளில் மலாயாவில் சப்பானியர் ஆட்சி. வெளிநாட்டுச் சிற்றலையைக் கேட்பதே தண்டனைக்குரிய குற்றம். 42.34 மீட்டர் என்பது 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்று உலகெங்கும் ஹாம் வானொலியாளர் எண்முறைச் செய்திகளுக்காகக் கூடும் இடங்களுள் ஒன்று 7.074, மீட்டரில் சொன்னால் 42.38. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள்!

எண்முறை என்றதும் புதுமை என்று மருள வேண்டா. புள்ளியும் கோடுமாய் அமைந்த மோர்சு முறையே அதன் மூத்த உடன்பிறப்பு. அதில் செவியும் கையும் உழைத்தன. இப்போது கணிப்பொறி உழைக்கிறது. 1998-இல் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெசு பி.எஸ்.கே.31 என்னும் முறையை வழங்கினார். 2008-இல் விஸ்பர் என்னும் முறையையும், 2017-இல் ஸ்டீவ் ஃபிராங்க்குடன் சேர்ந்து எஃப்டி8 என்னும் முறையையும் அளித்தவர் ஜோசப் டெய்லர். விண்மீன் துடிப்பைக் கணித்து 1993-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் இவர். அண்டவெளியின் மெல்லொலியைப் பிரித்தறிந்தவர், ஐந்து வாட் கருவியின் மெல்லொலியையும் பிரித்தறிய வழி செய்தார்.

எஃப்டி8-இல் எட்டுச் சுரங்கள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஓர் உரையாடலுக்கு வேண்டிய அகலம் 50 ஹெர்ட்ஸே. காங்கிரஸ் வானொலி சொன்ன 42.34-க்கும் 42.35-க்கும் இடையே உள்ள சிறு இடத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் பேசலாம். இவ்வளவு நெருங்கிய சந்தையில் தடுமாறினால் என்னாகும்? தொடக்கத்திலேயே சற்று விலகி நிற்பவரைக் கணிப்பொறி தேடிக் கண்டுகொள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போதே நழுவுகிறவரை அது கைவிட்டுவிடும். விஸ்பர் முறை இன்னும் கடுமையானது. அதன் மொத்தக் களமும் 200 ஹெர்ட்ஸ். பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு பிழையுள்ள கருவி, 14 மெகாஹெர்ட்ஸில் 140 ஹெர்ட்ஸ் விலகி, களத்துக்கு வெளியே நின்று இரவெல்லாம் கூவிக்கொண்டிருக்கும். கேட்பார் இலர்.

கருவியின் உள்ளே நாடி பிடித்துக்கொடுப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். 1921-இல் வால்ட்டர் கேடி என்பவர் இப்படிகத்தால் அலைவை நிலைநிறுத்திக் காட்டினார். படிகம் உறுதியானதே, ஆனால் வெப்பத்துக்கு அசையும். தகரக் கூரையின்கீழ் உச்சிவேளையில் ஓர் எண்ணும், கடற்காற்று வீசும் நள்ளிரவில் வேறோர் எண்ணும் காட்டும். ஆகவே ஒரு மணி நேரமாவது கருவியை இயக்கி, சூடு நிலைத்தபின் அளக்கவேண்டும். அளக்கும் கோல் வானத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம் 1923 முதல் திட்ட அதிர்வெண்ணை ஒலிபரப்புகிறது. ஹவாயிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.எச்., சீனத்திலிருந்து பி.பி.எம். ஆகியவையும் 10 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன.

நண்பர் செய்த முறை எளிது. மேற்பக்கப்பட்டை முறையில் காட்டியை 9.999-இல் நிறுத்தினார். கருவி பிழையற்றதாயின் 10 மெகாஹெர்ட்ஸ் அலை சரியாக 1,000 ஹெர்ட்ஸ் சுரமாய்க் கேட்கவேண்டும். கணிப்பொறி எழுப்பிய 1,000 ஹெர்ட்ஸ் சுரத்தோடு அதனைச் சேர்த்துக் கேட்டோம். நொடிக்கு மூன்று விம்மல்! திரையில் 1,003 என்று கண்டது. ஆகக் கருவி 3 ஹெர்ட்ஸ் கீழே நிற்கிறது. கோடியில் மூன்று பங்கு. அதற்காக ஒரு மாலைப்பொழுது. அவர் குமிழைத் திருப்பத் திருப்ப விம்மல் மெதுவாகி, ஒரு பெருமூச்சுப் போல் நீண்டு, அடங்கிற்று. அயனி அடுக்கில் பட்டு மீளும் அலை தானே சிறிது அசையுமாதலால், மறுநாளும் அதற்கு மறுநாளும் அளந்து பார்த்த பின்னரே அவர் மன நிறைவு கொண்டார்.

அதிர்வெண் அமைந்தால் போதுமா? கணிப்பொறி தரும் ஒலியை மிகுத்துவிட்டால், பக்கத்தே பொய்ச் சுரங்கள் தோன்றி அயலாரைக் கெடுக்கும். காலமும் ஒத்திருக்கவேண்டும். எஃப்டி8-இல் 15 நொடிக்கு ஒரு முறை. கடிகாரம் இரண்டு மூன்று நொடி பிந்தினால் உரையாடல் இல்லை. நானே ஒரு முறை இரண்டு இரவுகள் அழைத்து, விடை காணாது, வானத்தை நொந்துகொண்டேன். பிழை என் கணிப்பொறியின் கடிகாரத்தில் இருந்தது: மூன்று நொடி!

இந்நாட்டார்க்குக் கடிகாரம் மாறுவது புதிதன்று. 1905-இல் கிரீனிச்சுக்கு ஏழு மணி முன்னாக வைத்தனர்; 1933-இல் மேலும் 20 நிமிடம்; 1941-இல் இன்னும் 10 நிமிடம். சப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம். ஒன்றரை மணி ஒரேயடியாக முன்னே ஓடியது. தோட்டத்துப் பெரட்டு மணி அடித்தபோது கடிகாரம் ஆறு காட்டியிருக்கலாம். வானமோ நான்கரை மணி இருளில் கிடந்தது. 1945-இல் பழைய நேரம் மீண்டது; 1982 பிறந்தபோது அரைமணி கூட்டி இன்றைய நேரம் வந்தது. எண்முறையார் உலகப் பொது நேரம் ஒன்றையே கொண்டிருப்பதால் இம்மாற்றங்கள் அவர்களைத் தொடுவதில்லை.

பழைய மோர்சுக் கையினர் சிலர், ‘இயந்திரமும் இயந்திரமும் பேசுவதில் மனிதனுக்கு என்ன வேலை?’ என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பேச்சு மெலிந்துவிட்டது; அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், ஒலி வலிமை, விடைபெறல், அவ்வளவே. திறமையோ அளவையின் பக்கம் பெயர்ந்துவிட்டது என்பது என் கருத்து. பெரிய கோபுரமும் பெரும் ஆற்றலும் இல்லாத தோட்டப்புற வீட்டார், அளவில் பிழையின்றி நின்றால் பெருஞ்செல்வரோடு ஒரே நிரையில் கேட்கப்படுகின்றனர்.

இருப்பிடக் கட்டம் என்றேன். இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் 1980-இல் கூடி வகுத்த முறை அது. உலகத்தையே கட்டங்களாகப் பிரித்துப் பெயரிட்டனர். போர்டிக்சனும் சிரம்பானும் ஓ.ஜே.02. கோலாலம்பூர் ஓ.ஜே.03, மலாக்கா நகர் ஓ.ஜே.12.

அன்றிரவு ஒன்பது மணியளவில் நண்பர் தம் 9 எம் 2 அழைப்புக்குறியோடு ஓ.ஜே.02 என்று அனுப்பினார். முதல் இரு முறையும் விடை இல்லை. மூன்றாம் முறை திரையில் வி.யூ. என்று தொடங்கும் குறியொன்று, என்.கே.03 என்னும் கட்டத்தோடு தோன்றியது. அது சென்னை. ஏறத்தாழ 2,640 கிலோமீட்டர். ‘ரஜூலா’ கப்பலில் நம் பாட்டன்மார் ஒரு வாரம் கடந்த கடலை, அலை நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கடந்திருந்தது. நண்பர் ஒலி வலிமையை எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த 15 நொடிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.