பிறப்பால் தொடரும் தண்டனை: சட்டவிரோதக் குடியேற்றமும் இந்தியச் சட்டமும்

குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம், 2025 கடந்த 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம், 2000ஆம் ஆண்டின் குடியேற்ற ஊர்திப் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கும் இதனால் நீக்கப்பட்டன. கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் நுழையும் அயல்நாட்டவருக்கு ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போலி ஆவணத்தைப் பயன்படுத்தினால் இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. விசாக் காலம் முடிந்தபின் தங்கினால் மூன்றாண்டு வரை சிறை.

இச்சட்டம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: தண்டனை போதுமானதா, மிகுதியா? கேள்வியே பிழையானது என்று கருதுகிறோம். அயல்நாட்டவர் மீது இந்திய அரசு விதிக்கும் மிக நீண்ட தண்டனை இச்சட்டத்தில் இல்லை. அது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில், தண்டனை என்னும் சொல்லே இல்லாத பிரிவுகளில் இருக்கிறது. சிறைத்தண்டனை ஏழாண்டுக்குள் முடிந்துவிடும். குடியுரிமைச் சட்டத்தின் தண்டனையோ தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. பிறப்பை வைத்து மனிதருக்குத் தகுதிக்குறைவு கற்பிக்கும் ஏற்பாட்டை நம் மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடுமை அச்சுறுத்துமா?

முதலில் அச்சுறுத்தல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் வரும் என்னும் உறுதியே என்று இத்தாலியச் சட்ட அறிஞர் செசாரே பெக்காரியா 1764இலேயே எழுதினார். உயிருக்கு அஞ்சி ஓடிவருபவரிடம் அந்த உறுதிகூடப் பயன் தருவதில்லை. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் ஐந்தாண்டுச் சிறையைத்தான் விதித்தது. அப்பிரிவு உயிரோடு இருந்த காலத்தில்தான் 1983 கறுப்பு யூலைக்குப் பிறகும், 1990இலும், 2006இலும் ஈழத்தமிழர்கள் கடல் கடந்து வந்தார்கள். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, கைக்குழந்தைகளுடன் வந்தவர்களைப் படகோட்டிகள் தனுஷ்கோடி அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுச் சென்றனர். அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போன நாட்டிலிருந்து வருபவர் 14ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் படகேறுவதில்லை.

அச்சுறுத்தலுக்கு உலகிலேயே அதிகம் செலவிட்ட நாடுகளில் ஒன்று அமெரிக்கா. மெக்சிகோ எல்லையில் காவலைப் பன்மடங்கு பெருக்கியதன் விளைவை டக்ளஸ் மாசி தலைமையிலான சமூகவியலாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். முன்பு அறுவடைக் காலத்தில் வந்து வேலை முடிந்ததும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், மறுமுறை எல்லையைக் கடப்பது ஆபத்தானதாலும் செலவு கூடியதாலும் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். 1986இல் சுமார் 30 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் எண்ணிக்கை 2008இல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சமானது. வருவோரைத் தடுக்க எழுப்பிய வேலி, போவோரைத் தடுத்த வேலியாயிற்று.

சிறைத்தண்டனைக்கும் நாடு கடத்தலுக்கும் இடையே இன்னொரு முரணும் உண்டு. வெளியேற்ற உத்தரவை மீறித் தங்கினார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையிலடைத்த இத்தாலியச் சட்டத்தை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் எல் த்ரிதி வழக்கில் ஏற்க மறுத்தது. ஒருவரைத் திருப்பி அனுப்புவதே அரசின் நோக்கமானால், அவரைச் சிறையில் வைத்திருப்பது அந்த நோக்கத்தையே தாமதப்படுத்துகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் நீதிமன்றங்களில் இந்த வாதம் போதிய அளவு எடுத்துவைக்கப்படவில்லை. சட்டம் பயிலும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருமுறை அந்நியரானவர்கள்

சட்டவிரோதக் குடியேறி என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ ஒருவர் இருளில் எல்லையைக் கடக்கும் காட்சியே நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் அந்தச் சொல்லால் குறிக்கப்படுபவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். இவர்களின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் சாதிக் கொடுமையாலும் வாடிய தமிழக மாவட்டங்களிலிருந்து, பிரிட்டிஷார் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாக ஆள் சேர்த்தனர். சென்றவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த மலைகளில் உழைத்தபின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்டச் சொன்னது அச்சட்டம். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத லயன் வீடுகளில் பிறந்தவர்கள் எதைக் காட்டுவார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் குடியுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று தொழிலாளர்களிடம் கேட்ட பிறகு போடப்பட்ட ஒப்பந்தம் அல்ல அது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களாகவே குடியமர்த்தப்பட்டனர். கப்பல் போக்குவரத்து நின்றதால் வர முடியாமல் தங்கியவர்களும், இனக்கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே பெயர்ந்தவர்களும் 1983க்குப் பிறகு படகில் வந்தார்கள். ஒப்பந்தத்தின்படி கப்பலில் வந்தவர் இந்தியக் குடிமகன். அவருடைய சொந்தத் தம்பி படகில் வந்ததால் அகதி. சட்டத்தின் மொழியில் சட்டவிரோதக் குடியேறி.

இதில் வரலாறு ஒரு குரூரமான பொருத்தத்தையும் வைத்திருக்கிறது. 2003இல் இலங்கை நாடாளுமன்றம் 35ஆம் எண் சட்டத்தின் மூலம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. அதே 2003 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையை அதில் புகுத்தியது.

மூன்று தேதிகள்

அரசியல் நிர்ணய சபையில் 1949 ஆகஸ்ட் 10 அன்று குடியுரிமை உறுப்புகளை முன்வைத்த அண்ணல் அம்பேத்கர், வரைவுக் குழுவுக்கு இவ்வளவு தலைவலி தந்த உறுப்பு மிகக் குறைவு என்ற பொருளில் பேசினார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் நாளில் யார் குடிமக்கள் என்பதை மட்டும் வரையறுத்துவிட்டு, எதிர்காலத்தை நாடாளுமன்றத்திடம் விட்டார்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமாகவே தொடங்கியது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் எவராயினும் குடிமகன். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தால் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை மீண்டும் படியுங்கள். தமிழ்நாட்டின் ஒரு சேரியில் பிறந்து வளர்ந்த, வாக்குரிமையுள்ள பெண் முகாமைச் சேர்ந்த ஒருவரை மணந்து 2005இல் குழந்தை பெற்றால், அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. தந்தை படகில் வந்ததற்கான தண்டனையை, எந்த எல்லையையும் கடக்காத பிள்ளை சுமக்கிறது. பதிவு மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமை கோரும் வழியையும் 5, 6ஆம் பிரிவுகள் சட்டவிரோதக் குடியேறிக்கு அடைத்துவிட்டன. எந்தக் குற்றவியல் சட்டத்திலும் இதற்கு இணையான விதியைக் காட்ட முடியாது. கொலைக் குற்றவாளியின் பிள்ளைகூடக் குடிமகனாகத்தான் பிறக்கிறது.

2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை இதை மாற்றிவிட்டதாகச் சிலர் கொண்டாடினார்கள். 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனை விதிகளிலிருந்து அந்த ஆணை விலக்கு அளிக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 2022இல் மணல் திட்டில் இறங்கியவர்கள் அதில் அடங்கவில்லை. மேலும், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தினரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் குடியுரிமைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தது போன்ற பாதுகாப்பு இலங்கைத் தமிழருக்கு இல்லை. ஓர் ஆணை தந்ததை இன்னோர் ஆணை பறித்துவிடலாம்.

மெய்ப்பிக்கும் சுமை

வழக்கமான குற்ற வழக்கில் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசு. அயல்நாட்டவர் சட்டத்திலோ, தான் அயல்நாட்டவர் அல்லர் என்பதை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலிருந்த இவ்விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பட்டா, பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவை யாரிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் என்பதை ஊரின் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலிலிருந்து 19,06,657 பேர் விடுபட்டனர். திருமணமாகி வேற்றூர் சென்ற பெண்கள் தம்மைத் தந்தையுடன் இணைத்துக் காட்ட ஊராட்சிச் செயலர் தந்த சான்றிதழையே நம்பியிருந்தனர். அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதற்கே உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. போதிய அடிப்படை ஆதாரம் இல்லாமல் ஒருவரை அழைத்து, குடியுரிமையை மெய்ப்பி என்று அதிகாரிகள் கேட்க முடியாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் 2025இல் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவர் டெல்லியில் பிடிக்கப்பட்டுக் குடும்பத்துடன் வங்கதேசத்துக்கு அனுப்பப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நாடு கடத்தலை ரத்து செய்த பிறகும், அவர் திரும்பிவர டிசம்பர் ஆயிற்று.

தீர்ப்பே இல்லாத சிறைவாசமும் உண்டு. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இயங்கும் சிறப்பு முகாமில், பிணை பெற்றவர்களும் தண்டனைக் காலத்தை முடித்தவர்களும் நிர்வாக உத்தரவின் பேரில் வைக்கப்படுகிறார்கள். எவ்வளவு காலம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. குடியிருக்கும் உரிமையைத் தரும் உறுப்பு 19 குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உயிரையும் தன்னுரிமையையும் காக்கும் உறுப்பு 21 எவருக்கும் உரியது. சக்மா அகதிகள் குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2025 மே மாதத்தில், தண்டனை முடிந்தும் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓர் ஈழத்தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, இந்தியா ஒரு தர்மசத்திரமா என்ற தொனியில் அதே நீதிமன்றம் பேசியது. உறுப்பு 19ஐக் கொண்டு உறுப்பு 21க்கு விடை சொல்லும் போக்கு இது. நாம் எதிர்க்க வேண்டிய இடம் இதுதான்.

தோழர்கள் கேட்கும் கேள்வி

நம் அமைப்புகளுக்குள்ளேயே ஓர் ஆட்சேபம் எழுகிறது. ஆவணமற்ற தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் கட்டட வேலையிலும் துப்புரவு வேலையிலும் நம் மக்களின் கூலி சரியாதா? நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. ஆவணமற்றவர் குறைந்த கூலிக்கு இணங்குவது அவர் விரும்பியதால் அன்று. புகார் கொடுத்தால் தானே சிறை செல்ல நேரும் என்பதால். தண்டனை கூடக்கூட முதலாளியின் பிடி இறுகும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 பாதிக்கப்பட்டவரின் குடியுரிமையைக் கேட்பதில்லை. அதன்படி முதலாளி மீது வழக்குத் தொடுத்து, சாட்சி சொல்லும் தொழிலாளிக்கு நாடு கடத்தலிலிருந்து பாதுகாப்புத் தந்தால், மலிவு உழைப்புக்கான சந்தை சுருங்கும்.

எல்லையே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. ஆளைக் கடத்திப் பணம் பண்ணுவோருக்கும், ஆவணமின்மையைக் காட்டிக் கூலியைப் பறிப்போருக்கும் கடுந்தண்டனை வேண்டும். நுழைவு ஒன்று மட்டுமே குற்றமாயின் பதிவும் அபராதமும் போதும். தஞ்சம் கோரித் தாமதமின்றித் தம்மைப் பதிவு செய்பவரை நுழைவுக்காகத் தண்டிக்கலாகாது என்னும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பை, அதில் கையெழுத்திடாத இந்தியா தன் சட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம். தடுப்புக்காவலுக்குக் கால வரம்பும் நீதிமன்ற மேற்பார்வையும் வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து, பெற்றோரின் நிலையைப் பிள்ளையின் தலையில் கட்டும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கப்பட வேண்டும்.

அதுவரை, முகாம்களில் சட்ட உதவிக்குச் செல்லும் மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலில் பிறந்த தேதியையும் இடத்தையும் கேளுங்கள். 1987க்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண், தாம் பிறப்பாலேயே குடிமகள் என்று வாதாடி, கடவுச்சீட்டு வழங்கும்படி 2022இல் மதுரைக் கிளையில் உத்தரவு பெற்றார்; 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அடுத்து, பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் விண்ணப்பித்தார்களா, அவர்கள் பெயரில் இந்தியக் கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு மதுரைக் கிளை 2019 ஜூன் 17 அன்று பிறப்பித்த உத்தரவை அந்த மனுக்களுடன் இணைக்கலாம். தோட்ட நிர்வாகம் கொடுத்த சம்பளச் சீட்டு, கோயில் ஞானஸ்நானப் பதிவு, பழைய கப்பல் பயணச்சீட்டு எதுவானாலும் நகலெடுத்து வையுங்கள். மூலத்தை மட்டும் எந்த அலுவலகத்திலும் ஒப்படைத்துவிட வேண்டாம்.