ஃபின்ச் போட்ட பலூன் கோட்டு

1922, எவரெஸ்ட். பிரிட்டிஷ் குழுவுல மத்தவங்க கம்பளி, ட்வீட் கோட்டுல நிக்கிறாங்க. ஜார்ஜ் ஃபின்ச் மட்டும் பலூன் துணிக்குள்ள வாத்துத் தூவியை அடைச்சுத் தைச்ச, புஸ்ஸுனு உப்பின கோட்டுல வர்றார். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. குளிர் கடுமையானதும் கிண்டல் பொறாமையா மாறிடுச்சு. அந்தப் பயணத்துல அவரும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்ஸிஜன் உதவியோட 8,300 மீட்டரைத் தாண்டினாங்க. அதுவரைக்கும் மனுஷன் ஏறின அதிகபட்ச உயரம் அதுதான்.

உண்மையில கோட்டு சூடு தர்றதில்லை. தூவிக்குள்ள சிக்கின காற்றுதான் நம்ம உடம்புச் சூட்டை வெளிய விடாம தடுக்குது. எடையும் கம்மி. ஆனா நனைஞ்சா தூவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். காற்று போச்சு, கதகதப்பும் போச்சு.

மழையில நிக்கிற சிப்பாய்க்கு இது உயிர்ப் பிரச்சினை. அதனால 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஆல்பனி இன்டர்நேஷனல் நிறுவனம் மெல்லிய பாலியெஸ்டர் இழையில பிரைமாலாஃப்ட்டை உருவாக்குச்சு. ஈரத்துலயும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆனா தூவி அளவுக்குக் கதகதப்பு வேணும்னா எடை கூடும். அடிக்கடி அமுக்கி மடிச்சா சீக்கிரம் தட்டையாகிடும்.

அதனால ஜாக்கெட் வாங்கும்போது எது பெஸ்ட்னு கேட்காதீங்க. போற இடத்துல இருக்கிறது வறண்ட குளிரா, நனைக்கிற குளிரானு கேளுங்க.